தளிர்நடைக் குழந்தையின் அகலமான பாதமும் அதற்கேற்ற காலணியும்

தளிர்நடைப் பருவம் என்று இக்கட்டுரை குறிப்பது, குழந்தை பிடிமானமின்றி நடக்கத் தொடங்கும் நாள் முதல் மூன்று வயது நிறைவடையும் வரையான காலத்தை. இப்பருவத்துக் குழந்தைக்கு ஷூ வாங்கச் செல்லும் பெற்றோர் பலர், எண்படி சரியான ஷூவில் கால் நுழைய மறுப்பதையும், நுழைந்தாலும் மேலுள்ள ஒட்டுப்பட்டை மறுபக்கத்தை எட்டாமல் நிற்பதையும், அடுத்த எண்ணை எடுத்தால் குதிகால் கழன்று வருவதையும் கண்டு, பிள்ளைக்குக் கால் அகலம் என்ற முடிவோடு கடையை விட்டு வெளியேறுகின்றனர். இம்முடிவு முழுத் தவறில்லை என்றாலும் குறையுடையது. அவ்வாறு தீர்ப்பளிக்கப்படும் பாதங்களில் பெரும்பாலானவை அந்த வயதுக்கு இயல்பான அகலத்திலேயே இருக்கின்றன. கடையில் அடுக்கப்பட்டிருக்கும் காலணிகளோ நீளம் என்ற ஒற்றை அளவைக் கொண்டு வார்க்கப்பட்டு, அந்த அளவைக் கொண்டே விற்கப்படுகின்றன. பொருத்தமான காலணியைத் தேடும் வேலை, இந்த ஒற்றை அளவு எங்கிருந்து வந்தது, அது எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதைப் புரிந்துகொள்வதில் தொடங்க வேண்டும்.

முதலில் பாதத்தைப் பற்றிச் சிறிது. பிறந்த குழந்தையின் பாதத்தில் வளர்ந்தோருக்குரிய எலும்புகள் அனைத்தும் எலும்பாக இருப்பதில்லை. அவற்றுள் பல, எலும்பாக மாற வேண்டிய மென்மையான குருத்தெலும்பாகவே இருந்து, ஆண்டுகள் செல்லச் செல்ல இறுகுகின்றன. உள்வளைவின் உச்சியில் அமைந்துள்ள படகெலும்பு, கணுக்காலை அடுத்த எலும்புகளில் கடைசியாக, ஏறத்தாழ மூன்று வயதையொட்டியே எலும்பாகத் தொடங்குகிறது. வளைவு இருக்க வேண்டிய இடத்தைக் கொழுப்புத் திண்டு நிரப்பியிருப்பதால், இப்பருவத்துப் பாதம் தட்டையாகவும் தடிமனாகவும், விரல்களின் பக்கம் விசிறிபோல் விரிந்தும் குதிகால் பக்கம் ஒடுங்கியும் காணப்படுகிறது. குழந்தை வளர வளர நீளம் அகலத்தை முந்திச் செல்ல, பாதம் மெலிந்த தோற்றத்தைப் பெறுகிறது. ஆகவே மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் பாதத்தை அகலமானது, தட்டையானது, புறங்கால் உயரமானது என்று ஒருவர் வருணித்தால், அவர் ஒரு குறையைக் காட்டிலும் ஒரு பருவத்தையே வருணிக்கிறார் என்று கொள்வது பொருந்தும். வளர்ச்சியின் வேகமும் இங்கே கருதத்தக்கது: பெண் குழந்தையின் பாதம் ஏறத்தாழ ஒரு வயதிலும், ஆண் குழந்தையின் பாதம் ஏறத்தாழ ஒன்றரை வயதிலும், வளர்ந்தபின் அடையப்போகும் நீளத்தில் பாதியை எட்டிவிடுகிறது.

குருத்தெலும்பு வளையும், வளைந்தாலும் உடனே வலிக்காது. குறுகலான ஷூவுக்குள் கால் நுழைந்துவிட்டது, குழந்தையும் அழவில்லை என்பதால் அது பொருந்திவிட்டதாகக் கொள்ள முடியாமல் போவதற்கு இதுவே காரணம். 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆஸ்திரியாவில் பள்ளிப் பருவத்துக்கு முந்தைய 858 குழந்தைகளின் பாதங்களும் அவர்கள் அணிந்திருந்த காலணிகளின் உட்புற நீளமும் அளக்கப்பட்டன. பெரும்பாலான குழந்தைகள் தேவையைவிடக் குட்டையான காலணிகளை அணிந்திருந்ததும், காலணி எவ்வளவு குட்டையோ அவ்வளவுக்குப் பெருவிரல் மற்ற விரல்களின் பக்கம் சாய்ந்திருந்ததும் அதில் தெரியவந்தன. அந்த ஆய்வு நீளத்தைப் பற்றியது என்றாலும், வெளித்தோற்றத்தில் எக்குறையும் தெரியாத குழந்தைகளின் விரல்கள் காலணிக்கேற்ப இடம்மாறி நின்றன என்பது அகலத்தைப் பற்றி யோசிப்பவருக்கும் பயன்படும்.

இந்தியச் சூழலில் இதற்கு இணையாக எண்ணத்தக்க ஆய்வுகள் கர்நாடகத்தின் மணிப்பாலிலிருந்து வந்தவை. உதய பாஸ்கர ராவும் பெஞ்சமின் ஜோசப்பும் 4 முதல் 13 வயது வரையுள்ள 2,300 குழந்தைகளின் காலடித் தடங்களை ஆராய்ந்து 1992-இல் வெளியிட்ட முடிவின்படி, காலணி அணியும் குழந்தைகளில் 8.6 விழுக்காட்டினருக்கும், அணியாதவர்களில் 2.8 விழுக்காட்டினருக்கும் தட்டைப்பாதம் இருந்தது. காலணி அணிவோருக்குள்ளும், விரல்களை மூடும் ஷூ அணிவோரிடம் அது மிகுதியாகவும், செருப்பும் சாண்டலும் அணிவோரிடம் குறைவாகவும் காணப்பட்டது. 1995-இல் வளர்ந்தோர் 1,846 பேரிடம் செய்யப்பட்ட தொடர் ஆய்வும், ஆறு வயதுக்கு முன்பே ஷூ அணியத் தொடங்கியவர்களிடம் தட்டைப்பாதம் கூடுதலாக இருப்பதைக் காட்டியது. இவ்வாறான ஆய்வுகள் இரண்டு செய்திகள் சேர்ந்து நிகழ்வதைக் காட்டுகின்றனவேயன்றி ஒன்றே மற்றொன்றுக்குக் காரணம் என்று நிறுவுவதில்லை. ஆயினும் வீட்டுக்குள் வெறுங்காலுடன் நடமாடும் நம் வழக்கம் குழந்தையின் பாதத்துக்கு உகந்தது என்று சொல்ல இவை போதுமானவை. வீட்டுக்குள்ளும் ஷூ மாட்டி நடக்கப் பழக்கினால்தான் கால் சீராக வளரும் என்று எண்ணுவதற்கு இவற்றில் இடமில்லை. காலணி என்பது வெயிலில் கொதிக்கும் தார்ச்சாலை, கண்ணாடிச் சில்லு, முள், அழுக்கு ஆகியவற்றிலிருந்து காலைக் காப்பதற்கானது. அந்த வேலையைச் செய்யும்போது பாதத்தின் வடிவத்தில் தலையிடாமல் இருந்தாலே அது நல்ல காலணி.

இனி அளவுக்கு வரலாம். ஷூ தயாரிப்பில் எல்லாவற்றுக்கும் மூலம் லாஸ்ட் எனப்படும் கால் அச்சு. முற்காலத்தில் மரத்தாலும் இன்று பெரும்பாலும் பிளாஸ்டிக்காலும் செய்யப்படும் இந்த அச்சின்மீது தோலையோ துணியையோ இழுத்துப் போர்த்தித்தான் ஷூவின் மேற்பாகம் உருவாக்கப்படுகிறது. அச்சு எந்த வடிவமோ ஷூவின் உட்புறமும் அந்த வடிவமே. அச்சுக்கு நீளம், விரல்களின் அடிமூட்டைச் சுற்றிய சுற்றளவு, புறங்கால் உயரம், முனையின் வளைவு என்று பல அளவுகள் உண்டு. பெட்டியின்மேல் அச்சிடப்படும் எண்ணோ அவற்றுள் நீளத்தை மட்டும், அதையும் பாதத்தின் நீளமாக அல்லாமல் அச்சின் நீளமாகக் குறிக்கிறது. பிரிட்டிஷ் முறையில் குழந்தைகளுக்கான எண் நான்கு அங்குலத்தில் பூஜ்யமாகத் தொடங்கி, ஒவ்வோர் எண்ணுக்கும் அங்குலத்தின் மூன்றில் ஒரு பங்கு, அதாவது வாற்கோதுமை மணி ஒன்றின் நீளமாக அக்காலத்தில் கொள்ளப்பட்ட ஏறத்தாழ 8.5 மில்லிமீட்டர், கூடிக்கொண்டே செல்கிறது. ஐரோப்பிய முறையில் ஒரு புள்ளி என்பது சென்டிமீட்டரின் மூன்றில் இரண்டு பங்கு. இக்கணக்கின்படி பிரிட்டிஷ் 5 என்பது ஏறத்தாழ 144 மில்லிமீட்டர், ஐரோப்பிய 21 என்பது 140, 22 என்பது ஏறத்தாழ 147. விரல்களுக்கு முன்னால் விட வேண்டிய இடத்தைக் கழித்தால், இவை 130 மில்லிமீட்டரை ஒட்டிய நீளமுடைய பாதத்துக்குரியவை. அமெரிக்க எண் பிரிட்டிஷ் எண்ணைவிட அரை முதல் ஒன்று வரை கூடுதலாக இருப்பதால், இணையத்தில் வாங்கும்போது எண்ணுக்கு முன்னால் எந்த நாட்டின் பெயர் உள்ளது என்று பாராதவர்கள் ஏமாந்துபோவது இயல்பு.

கால் நுழையாவிட்டால் ஒரு சைஸ் பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று கடைக்காரர் சொல்லும் யோசனை எதனால் பயனற்றுப் போகிறது என்பதை மேற்கண்ட கணக்கு விளக்கிவிடும். ஓர் எண் கூடும்போது நீளம் எட்டரை மில்லிமீட்டர் கூடுகிறது. அடிப்பாகத்தின் குறுக்கு அகலமோ ஓரிரு மில்லிமீட்டர் மட்டுமே கூடுகிறது. ஒரு குழந்தையின் பாதம் 130 மில்லிமீட்டர் நீளமுடையதாகவும், அதற்குரிய எண்ணில் அகலம் ஆறு மில்லிமீட்டர் போதாமல் இருப்பதாகவும் கொண்டால், அந்த ஆறு மில்லிமீட்டரைப் பெறுவதற்குக் குறைந்தது மூன்று எண்கள் மேலே போக வேண்டும். அதற்குள் நீளம் 25 மில்லிமீட்டர், அதாவது ஏறத்தாழ ஓர் அங்குலம், தேவைக்கு மேல் கூடிவிடும். அத்தகைய ஷூவில் குதிகால் ஒவ்வோர் அடிக்கும் மேலெழும். பாதம் முன்னே வழுக்கும். ஷூவின் அடிப்பாகம் மடங்கும் இடம் விரல்களின் அடிமூட்டுக்கு நேராக அமையாமல் விரல் நுனிகளுக்கு அருகில் அமைந்துவிடும். தளிர்நடைக் குழந்தை காலைத் தூக்கி வைப்பதிலேயே இன்னும் தேர்ச்சி பெறாத நிலையில், முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் வெற்று முனை தரையில் தட்டி விழுவதற்கே வழிசெய்யும். அகலக் குறையை நீளத்தால் ஈடுசெய்ய முயல்வதே இவ்விஷயத்தில் மிகப் பரவலாக நிகழும் பிழை; அப்பிழைக்குப் பெற்றோரைவிட, வேறு வழியே வைக்காத கடை அடுக்குகள்தான் பொறுப்பு.

வேறு வழி இல்லாத காரணம், அப்படியொன்றைச் செய்ய இயலாது என்பதன்று. 1920-களில் அமெரிக்காவின் சிரக்யூஸ் நகரில் சார்லஸ் பிரானக் வடிவமைத்த, இன்றும் அவர் பெயரால் வழங்கும் உலோக அளவுகோல், குதிகாலிலிருந்து விரல் நுனி வரை, குதிகாலிலிருந்து பெருவிரலின் அடிமூட்டு வரை, குறுக்கு அகலம் என்று மூன்றையும் ஒரே நேரத்தில் அளக்கிறது. பிரிட்டனில் கிளார்க்ஸ் போன்ற நிறுவனங்கள் குழந்தைகளின் ஷூக்களை ஒரே நீளத்தில் இ, எஃப், ஜி, ஹெச் என்ற அகலங்களில் விற்று வந்துள்ளன. எஃப் நடுத்தரம், ஜி-யும் ஹெச்-சும் அகலமானவை. அமெரிக்காவில் ஸ்ட்ரைட் ரைட், நியூ பேலன்ஸ் ஆகியவை டபிள்யூ, எக்ஸ்டபிள்யூ என்ற குறிகளுடன் அகலமான குழந்தைக் காலணிகளைத் தருகின்றன. ஜெர்மனியில் அகலம், நடுத்தரம், குறுகல் என்னும் மூன்று வகைகளை ஒழுங்குபடுத்தும் தனி முறையே குழந்தைக் காலணிகளுக்கு உண்டு. ஜப்பானில் எண்ணுக்குப் பதிலாகச் சென்டிமீட்டரும், அதனுடன் 2இ, 3இ போன்ற அகலக் குறியும் பெட்டியில் இருக்கும். மோண்டோபாயிண்ட் எனப்படும் பன்னாட்டுத் தர முறையோ இன்னும் நேரடியானது: பாதத்தின் நீளத்தையும் அகலத்தையும் மில்லிமீட்டரில் எழுதிவிடுகிறது. இவ்வளவு எளிய முறை ராணுவப் பூட்ஸுக்கும் பனிச்சறுக்குப் பூட்ஸுக்கும் பயன்பட்டு, பெரும்பாலான நாடுகளில் குழந்தைகளின் ஷூ பெட்டிக்கு இன்னும் வந்து சேராதது வியப்புக்குரியது. வணிகத்தின் பக்கம் இருந்து பார்த்தால் விடை கிடைக்கும்: ஒரு மாதிரி ஷூவை மூன்று அகலங்களில் வைப்பதென்றால் மும்மடங்கு அச்சுகளும் மும்மடங்கு இருப்பும் வேண்டும், சில மாதங்களில் சிறிதாகிப் போகும் பொருளுக்கு அத்தனை முதலீட்டை இடப் பெரும்பாலான கடைகள் முன்வருவதில்லை.

இந்தியாவில் இக்குறை இன்னும் ஒரு படி கூடுதல். இங்கு விற்கப்படும் காலணிகள் பிரிட்டிஷ், ஐரோப்பிய அல்லது அமெரிக்க எண்களையே தாங்கியுள்ளன. அந்த முறைகளுக்கு அடிப்படையான பாதங்களோ இந்தியருடையவை அல்ல. சென்னை அடையாறில் 1948 முதல் இயங்கிவரும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இதை அளந்தே காட்டியது. 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை, நாட்டின் ஐந்து மண்டலங்களில் 79 இடங்களில், 1,01,880 பேரின் பாதங்களை முப்பரிமாண வருடிகளால் அளந்த அந்நிறுவனத்தின் ஆய்வில், இந்தியரின் பாதம் பொதுவாக ஐரோப்பியர், அமெரிக்கரின் பாதத்தைவிட அகலமானது என்பது உறுதியானது. இதன் விளைவாக 'பா' என்ற பெயரில், பாரதம் என்பதன் முதலெழுத்தைக் கொண்டு, இந்தியாவுக்கென ஓர் அளவு முறை பரிந்துரைக்கப்பட்டுள்ளது. அதில் உள்ள எட்டுப் பிரிவுகளில் முதலாவது ஒரு வயது வரையுள்ள சிசுக்களுக்கும், இரண்டாவது ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைகளுக்கும் உரியவை. தளிர்நடைப் பருவத்துக்கெனத் தனிப் பிரிவு ஒதுக்கப்பட்டிருப்பது, இப்பாதம் பெரியவர் பாதத்தின் சிறிய நகல் அன்று என்பதைத் தரநிலை வகுப்போரும் ஏற்றுக்கொண்டதன் அடையாளம். ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் வாணியம்பாடியிலும் உள்ள ஆலைகள் ஐரோப்பிய நிறுவனங்களின் அச்சுகளில் ஐரோப்பியக் கால்களுக்கு நேர்த்தியாக ஷூ தைத்து அனுப்பிக்கொண்டிருக்க, அவற்றைத் தைப்பவர்களின் வீட்டுக் குழந்தைக்குப் பொருந்தும் அச்சு உள்ளூர்க் கடையில் அகப்படாமல் இருப்பது இத்தொழிலின் விநோதங்களுள் ஒன்று.

புதிய முறை கடை அடுக்குகளை எட்டும் வரை, அளக்கும் பொறுப்பு வீட்டாரிடமே இருக்கிறது. அதற்கு ஒரு தாளும் பென்சிலும் அளவுகோலும் போதும். தாளைச் சுவரை ஒட்டித் தரையில் விரித்து, குழந்தையை அதன்மேல் குதிகால் சுவரைத் தொடும்படி நிற்கவைக்க வேண்டும். உட்கார்ந்த நிலையில் அளந்த பாதம் குட்டையாகவும் குறுகலாகவும் தெரியும். உடல் எடை இறங்கும்போதுதான் மென்மையான பாதம் பரவுகிறது. பகல் முழுதும் ஓடியாடிய பின் பாதம் சற்று வீங்கியிருக்கும் என்பதால் மாலை வேளை ஏற்றது. பென்சிலைச் சாய்க்காமல் செங்குத்தாகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றி வரைந்தபின், குதிகாலிலிருந்து மிக நீண்ட விரலின் நுனி வரையும், பெருவிரல் அடிமூட்டின் வெளிப்புடைப்பிலிருந்து சுண்டுவிரல் அடிமூட்டின் வெளிப்புடைப்பு வரையும் அளக்க வேண்டும். இரண்டு கால்களையும் அளப்பதும், அவற்றுள் பெரியதையே கணக்கில் கொள்வதும் கட்டாயம். இரண்டும் ஒரே அளவாக இருப்பது அரிது. இவ்விரண்டோடு மூன்றாவதாக, ஒரு நூலைப் பாதத்தின் அகலமான பகுதியைச் சுற்றி எடுத்த சுற்றளவையும் குறித்துக்கொண்டால், அகலமான பாதத்துக்கும் உயரமான புறங்காலுக்கும் உள்ள வேறுபாடு புலப்படும். பட்டை எட்டாத ஷூக்கள் பலவற்றில் காரணம் புறங்காலின் தடிமனே. அதற்கு வேண்டியது அகலமான அடிப்பாகத்தைக் காட்டிலும் நீளமான பட்டையும் அகலத் திறக்கும் வாயும். நிற்க மறுத்து ஓடும் குழந்தையிடம் இவையெல்லாம் ஒரே முறையில் கைகூடும் என்று எதிர்பார்க்க வேண்டியதில்லை. குளித்த ஈரக்காலோடு தாளில் நடக்கவிட்டு, பதிந்த தடத்தை உடனே பென்சிலால் சுற்றிவிடுவதும் ஓரளவுக்கு உதவும்.

வரைந்த தாளைக் கத்தரித்துக் கடைக்கு எடுத்துச் செல்வது குழந்தையை அழைத்துச் செல்வதற்கு ஈடாகாது என்றாலும், எண்களை நம்பிச் செல்வதைவிட மேல். பல ஷூக்களில் இன்சோல் எனப்படும் உள்ளட்டையைக் கழற்ற முடியும். அதைக் கழற்றித் தரையில் வைத்து, அதன்மேல் குழந்தையை நிற்கவைத்துப் பார்ப்பதே இருக்கும் சோதனைகளில் மிகத் தெளிவானது. நீண்ட விரலுக்கு முன்னால் ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் இடம் இருக்க வேண்டும். பக்கவாட்டில் பாதத்தின் சதை ஓரிரு மில்லிமீட்டர் வெளியே ததும்புவது பிழையாகாது. ஏனெனில் ஷூவின் மேற்பாகம் அடிப்பாகத்தைவிடச் சற்றுப் புடைத்தே அமைகிறது. சுண்டுவிரல் முழுவதுமாகவோ பெருவிரல் மூட்டோ உள்ளட்டைக்கு வெளியே நின்றால், அந்த ஷூவைக் காலில் மாட்டிப் பார்ப்பதே வீண். உள்ளட்டையின் முன்பகுதி எங்கே ஒடுங்கத் தொடங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும். குழந்தையின் பாதம் விரல்களின் நுனிவரை விரிந்தே செல்ல, பல ஷூக்களோ அடிமூட்டைத் தாண்டியதும் நடுவிரலை நோக்கிக் கூம்புகின்றன. இத்தகைய ஷூ அகலக் குறியில் எந்த எழுத்தைத் தாங்கியிருந்தாலும் பயனில்லை.

ஷூவின் முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பது நெடுங்கால வழக்கம். ஆனால் அழுத்தத்தை உணர்ந்த கணத்தில் குழந்தை விரல்களை உள்ளே மடக்கிக்கொள்வதால், இல்லாத இடம் இருப்பதுபோல் தோன்றிவிடும். அட்டையில் ஒரு விரற்கடை அகலத்தில் பட்டை வெட்டி, பாத நீளத்தோடு 12 மில்லிமீட்டர் கூட்டி அளவாக்கி, ஷூவுக்குள் குதிகால் வரை தள்ளிப் பார்ப்பது இதைவிட நம்பத்தக்கது. பட்டை மடங்கினால் ஷூ குட்டை. வெளியிலிருந்து பார்க்க முடியாததைப் பார்க்கும் ஆசை புதிதன்று. 1920-களிலிருந்து 1950-கள் வரை அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பல ஷூ கடைகளில் எக்ஸ்ரே பெட்டிகள் வைக்கப்பட்டு, குழந்தைகள் ஷூவோடு காலை நுழைத்துத் தம் எலும்புகளைத் தாமே எட்டிப் பார்த்து மகிழ்ந்தனர். கதிர்வீச்சின் தீங்கு உணரப்பட்டபின் 1957-இல் பென்சில்வேனியா மாநிலம் அதற்குத் தடை விதிக்க, மற்ற இடங்களிலும் அவை படிப்படியாக மறைந்தன. அந்தப் பெட்டி காட்டியது எலும்பை மட்டுமே. இப்பருவத்துப் பாதத்தின் பெரும்பகுதி குருத்தெலும்பும் சதையும் என்பதால், அது பொருத்தத்தைப் பற்றிச் சொன்னது மிகக் குறைவு.

அகலமான பாதத்துக்கு ஏற்ற ஷூவின் அமைப்பில் முதலில் நோக்க வேண்டியது வாய். நாக்கு எனப்படும் நடுப்பட்டை விரல்களுக்கு மிக அருகிலிருந்தே தொடங்கி, ஷூ ஒரு புத்தகம்போல் விரியுமாயின், தடித்த பாதமும் திணிக்கப்படாமல் உள்ளே இறங்கும். இரண்டு பக்கமும் எலாஸ்டிக் தைத்து நாக்கை மூடிவைத்த ஷூக்கள் மாட்டுவதற்கு எளிது என்று விற்கப்பட்டாலும் அகலமான பாதத்துக்கு அவை உதவுவதில்லை. அடுத்தது மேற்பாகத்தின் பொருள்: மெல்லிய தோலும் பின்னல் துணியும் பாதத்தின் புடைப்புக்கு ஏற்ப இளகித் தரும், ரெக்ஸின் போன்ற செயற்கைப் பொருள் இளகாது, நம் ஊர் வெக்கையில் வியர்வையையும் உள்ளேயே தேக்கும். சுண்டுவிரல் மூட்டின்மேல் குறுக்கே ஓடும் தடித்த தையலோ அலங்காரப் பட்டையோ உள்ள ஷூவில், அந்த இடம் ஒருபோதும் விரியாது. அடிப்பாகம் மெல்லியதாகவும், இரு விரல்களால் மடக்கும் அளவுக்கு நெகிழ்வாகவும், மடங்குவது விரல்களின் அடிமூட்டுக்கு நேராகவும் இருக்க வேண்டும். கணுக்காலைத் தாங்கும் உயரமான விறைத்த பூட்ஸ் நடையைத் திருத்தும் என்ற நம்பிக்கை ஒரு காலத்தில் மருத்துவர்களிடமும் இருந்தது. 1989-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, நெகிழ்வான தட்டைப்பாதமுடைய குழந்தைகளுக்குச் சிறப்பு ஷூவும் உள்வைப்பும் தந்ததால் வளர்ச்சியின் போக்கில் எந்த வேறுபாடும் ஏற்படவில்லை என்று காட்டியது. 1991-இல் லின் ஸ்டாஹெலி என்னும் அமெரிக்கக் குழந்தை எலும்பு மருத்துவர் அதுவரையான ஆய்வுகளைத் தொகுத்து, வெறுங்காலின் செயல்பாட்டையே முன்மாதிரியாகக் கொண்டு குழந்தையின் காலணி அமைய வேண்டும் என்று எழுதினார்.

வகைகளுள், இரண்டு மூன்று ஒட்டுப்பட்டைகளும் குதிகாலுக்குப் பின்பட்டையும் உள்ள சாண்டலே தமிழ்நாட்டின் தட்பவெப்பத்துக்கும் அகலமான பாதத்துக்கும் ஒருங்கே பொருந்துவது. ஒவ்வொரு பட்டையும் தனித்தனியே தளரும் என்பதால் புறங்கால் தடிமனும் விரல்களின் விரிவும் வெவ்வேறாகக் கவனிக்கப்படுகின்றன. க்ராக்ஸ் போன்ற மென்மையான வார்ப்புக் காலணிகளின் முன்பகுதி தாராளமானது. எனினும் பின்பட்டையை மேலே தள்ளிவிட்டு அணிந்தால் குழந்தை அதைக் கழலாமல் காக்க விரல்களை இறுக்கிக்கொண்டே நடக்கும். மின்படிக்கட்டின் பக்கவாட்டு இடுக்கில் இத்தகைய மென்மையான காலணிகள் சிக்கிக் குழந்தைகள் காயமுற்றதையொட்டி 2008-இல் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் எச்சரிக்கையும் விடுத்தது. ஆகவே வணிக வளாகத்துக்குள் குழந்தையைத் தூக்கிக்கொள்வது நல்லது. அடியெடுத்து வைக்கும்தோறும் கீச்சிடும் ஷூக்களைப் பற்றிச் சொல்வதற்கு, அண்டை வீட்டாரின் பொறுமையைத் தவிர, அதிகமில்லை; அவற்றின் குதிகாலுக்குள் இருக்கும் ஊதல் அடிப்பாகத்தைத் தடிமனாக்கிவிடுகிறது என்பது மட்டும் குறை. அண்மைக் காலத்தில் வெறுங்கால் ஷூ என்ற பெயரில் விற்கப்படுபவை, முனை அகன்றும் அடிப்பாகம் மெலிந்தும், குதிகாலும் விரல்களும் ஒரே மட்டத்தில் இருக்குமாறும் செய்யப்படுவதால் இப்பருவத்துக்கு இயல்பாகவே பொருந்துகின்றன. விலைதான் தடை.

விலை பற்றிய கேள்வி எழுவதற்குக் காரணம் வளர்ச்சி. ஒன்று முதல் மூன்று வயது வரை பாதம் மாதத்துக்குச் சராசரியாக ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர் வளர்கிறது என்று கொண்டால், வாங்கும்போது விடப்பட்ட 12 மில்லிமீட்டர் இடம் நான்கு முதல் ஆறு மாதங்களில் பாதியாகக் குறைந்துவிடும். நடக்கும்போது பாதம் முன்னே நீள்வதற்குச் சில மில்லிமீட்டர் எப்போதும் வேண்டும் என்பதால் அப்போதே அடுத்த ஷூவைத் தேட வேண்டியிருக்கும். ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை தாளில் வரைந்து பார்ப்பது இதற்குப் போதும். அண்ணனின் ஷூ தம்பிக்கு என்ற குடும்ப வழக்கத்தை முற்றாகக் கைவிடச் சொல்வது மிகை. திருமணத்துக்கு இரண்டு முறை அணிந்து பெட்டிக்குள் போன ஷூவில் குறையொன்றும் இராது. நாள்தோறும் அணிந்து தேய்ந்த மூடிய ஷூவில், முதற்குழந்தையின் பாதத்துக்கேற்ப உள்ளட்டை குழிந்தும் குதிகால் ஒருபக்கம் சரிந்தும் இருக்கும். அகலம் வேறுபட்ட அடுத்த குழந்தைக்கு அது ஆகாது.

வாங்கிய ஷூ பொருந்தியதா என்பதைக் கழற்றிய உடன் பாதமே சொல்லிவிடும். சுண்டுவிரல் மூட்டின்மேலோ புறங்காலின் குறுக்கேயோ சிவந்த தடம் பதிந்து, கால்மணி நேரம் கழித்தும் மறையாமலிருந்தால் அந்த இடத்தில் ஷூ இறுக்குகிறது. ஷூவை மாட்டியதுமே குழந்தை கழற்ற முயல்வதைப் பிடிவாதம் என்று எண்ணும்முன் உள்ளே கையை விட்டுப் பார்ப்பது நலம். தடித்த காலுறையும் அகலத்தைத் தின்றுவிடும் என்பதால், ஷூ பார்க்கச் செல்லும்போது வழக்கமாக அணியும் காலுறையையே எடுத்துச் செல்ல வேண்டும். சிறிதாகிப்போன காலுறை, பொருத்தமான ஷூவுக்குள்ளும் விரல்களை நெருக்கிக் கட்டிவிடும். ஒரு பாதம் மட்டும் மற்றொன்றைவிடத் தெளிவாக அகலமாகவோ வீங்கியோ இருப்பது, நொண்டி நடப்பது, வெறுங்காலில் நடக்கும்போதும் வலிப்பதாகக் காட்டுவது, நுனிவிரலில் நின்றாலும் பாதத்தில் வளைவே தோன்றாமல் விறைப்பாக இருப்பது ஆகியவை ஷூ கடையில் தீர்வு காணத்தக்கவை அல்ல. குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டியவை. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்கும், கணுக்காலையும் பாதத்தையும் தாங்கும் பிளாஸ்டிக் சாதனம் அணியும் குழந்தைகளுக்கும் அகலத் தேவை வேறு வகையானது. சாதனத்தைப் பொருத்துபவரிடமே அதற்குரிய ஷூவையும் கேட்டுக்கொள்ளலாம்.

ப்ரீகேஜி சேரும் மாதத்தில் இவ்வளவும் ஒரு கறுப்பு ஷூவின் முன் வந்து நின்றுவிடுகிறது. சீருடையோடு சேர்த்து விற்கப்படும் அந்த ஷூ பெரும்பாலும் ரெக்ஸினால் ஆனது, ஒரே அகலத்தில் வருவது, கூம்பிய முனையுடையது; மூன்று வயதுக் குழந்தை அதற்குள் ஒரு நாளில் பல மணி நேரம் இருக்கிறது. பள்ளி நிறத்தை மட்டும் வலியுறுத்துகிறதா, குறிப்பிட்ட வகையையும் வலியுறுத்துகிறதா என்று கேட்டறிந்தால், பல இடங்களில் கறுப்புச் சாண்டலுக்கோ அகன்ற முனையுள்ள துணி ஷூவுக்கோ மறுப்பு இருப்பதில்லை. மூடிய ஷூதான் வேண்டும் என்றால், உள்ளட்டையைக் கழற்றிவிட்டு மெல்லிய அட்டையை வைத்து உள்ளே உயரத்தைக் கொஞ்சம் கூட்டலாம். பட்டை எட்டாத இடத்தில் நீளமான ஒட்டுப்பட்டையைத் தைத்துத் தரத் தெருமுனையில் அமர்ந்திருக்கும் செருப்புத் தைக்கும் தொழிலாளிக்குச் சிறிது நேரம் போதும். தோல் ஷூவாக இருந்தால் சுண்டுவிரல் படும் இடத்தை மட்டும் ஈரமாக்கி, கட்டையிட்டு நெகிழ்த்தித் தரவும் அவரால் இயலும். ரெக்ஸினில் அந்த வேலை பலிக்காது என்பதை அவரே வாங்கிப் பார்த்ததும் சொல்லிவிடுவார்.